ஒரு சிட்டிகைப் பெருங்காயம்

விருந்தோம்பலில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்று மேடைதோறும் சொல்லிக்கொள்கிறோம். சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் அந்தப் பெருமையை உரைத்துப் பார்க்க ஒரு சின்ன உரைகல் இருக்கிறது. இலைக்கு முன்னால் உட்கார்ந்த விருந்தாளி, "இதில் என்ன போட்டிருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்கட்டும். பரிமாறுகிறவரின் முகத்தை அப்போது பாருங்கள். ஏதோ அவர் விஷம் வைத்துவிட்டதாகக் குற்றம் சாட்டியது போல் முகம் சுருங்கிவிடும். "எல்லாம் நல்ல சாமான்தான்" என்று பதில் வரும். கேட்டது சாமானின் குணத்தை அல்ல, பெயரை. அந்தப் பெயரைச் சொல்ல நமக்கு மனம் வருவதில்லை. வாரி வாரிப் போடத் தெரிந்த கைக்கு, போட்டது என்ன என்று சொல்லத் தெரியாவிட்டால் அது என்ன உபசாரம் என்று கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

கேள்வியை வேடிக்கைக்காகக் கேட்கிறவர்களைப் பற்றி நான் பேசவில்லை. கோடை விடுமுறையில் இரண்டு சிறு குழந்தைகளை அழைத்துக்கொண்டு இராமநாதபுரத்துக் கடற்கரைக்குப் புறப்படும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தைகளில் ஒன்றுக்குக் கோதுமை ஆகாது. ஆகாது என்றால் பிடிக்காது என்று அர்த்தமல்ல. கோதுமையிலும் பார்லியிலும் 'குளூட்டன்' என்று ஒரு பசைச் சத்து இருக்கிறது. மாவைப் பிசைந்தால் இழுபடுகிறதே, அந்த இழுவைக்குக் காரணம் அதுதான். சில உடம்புகளில் அந்தச் சத்து உள்ளே போனதும், உடம்பின் காவற்படை தன் சொந்தக் குடலையே பகைவன் என்று எண்ணித் தாக்கத் தொடங்குகிறது. குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல்கள் தேய்ந்து மழுங்கிப் போகின்றன. குழந்தை தின்கிறது, ஆனால் தேறுவதில்லை. வயிறு உப்பி, கைகால் சூம்பி, ரத்தம் வற்றி, வளர்த்தி நின்றுவிடுகிறது. 'சீலியாக்' என்று டாக்டர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இதைத் தீர்க்க மாத்திரை இல்லை. ஆயுள் முழுவதும் கோதுமையை விலக்குவது ஒன்றே மருந்து. விலக்கிவிட்டால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போல் ஓடி ஆடி வளரும்.

இந்த உண்மை மனிதனுக்குப் புலப்பட்ட விதமே ஒரு கதை. ஹாலந்து தேசத்தில் வில்லெம் டிக்கே என்று ஒரு குழந்தை டாக்டர் இருந்தார். கோதுமையின் மேல் அவருக்கு வெகு நாளாகச் சந்தேகம் இருந்தது. 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் யுத்தத்தினால் அந்த நாட்டில் பஞ்சம் வந்தது, ரொட்டி கிடைக்கவில்லை. ஊரெல்லாம் பசியால் வாடியபோது, இந்த வியாதியுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். யுத்தம் முடிந்து ரொட்டி வந்தது. அவர்கள் மறுபடியும் படுத்தார்கள். 1950இல் டிக்கே தம் ஆராய்ச்சியை வெளியிட்ட பிறகுதான் உலகம் தெளிந்தது. பஞ்சம் காப்பாற்றிய குழந்தைகளை விருந்து கொல்லப் பார்த்தது என்பதை நம் ஓட்டல்காரர்களும் அத்தைமார்களும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

"அது வடக்கத்தி வியாதி, அரிசி தின்னும் நமக்கு ஏது?" என்பது முதல் ஆட்சேபம். பாதி உண்மைதான். 2016இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் வடக்கே ஹரியானாவிலும், கிழக்கே அஸ்ஸாமிலும், தெற்கே நம் வேலூரிலும் மொத்தம் 23,000க்கு மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குச் சோதனையில் தென்பட்ட வியாதியின் அடையாளம், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவருக்குத்தான் தென்பட்டது. ஆனால் அந்த ஆராய்ச்சியில் இன்னொன்றும் தெரிந்தது. வியாதிக்கு இடம் கொடுக்கும் பரம்பரைக் கூறு மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுபோல்தான் இருந்தது. வேற்றுமை ரத்தத்தில் இல்லை, தட்டில் இருந்தது. நாளுக்கு நாள் நம் தட்டில் கோதுமை கூடிக்கொண்டே வருகிறது. அந்த 'ஆயிரத்துக்கு ஒன்று' அப்படியே நிற்கும் என்று யார் உத்தரவாதம் தர முடியும்? அப்படியே நின்றாலும்தான் என்ன? 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 7 கோடிக்கு மேல் ஜனங்கள். ஆயிரத்துக்கு ஒன்று என்றால் எழுபதாயிரம் வயிறுகள். எழுபதாயிரம் பேரை விட்டுவிட்டுப் பந்தி நடத்தலாம் என்று எந்தத் தர்ம சாஸ்திரம் சொல்கிறது?

இனி, பிரயாணத்துக்கு வருவோம். கோதுமை ஆகாத குழந்தையை அழைத்துப் போக உலகத்தில் ஓர் இடம் தேடச் சொன்னால், நான் சாயல்குடியைத்தான் காட்டுவேன். தூத்துக்குடியிலிருந்து கடலோரமாக இராமநாதபுரம் போகும் சாலையில் இருக்கிறது அந்த ஊர். வானம் பார்த்த பூமி. நிமிர்ந்து பார்த்த இடமெல்லாம் பனை. பனைக்கும் கோதுமைக்கும் ஜன்மத்தில் சம்பந்தமில்லை. நுங்கு, பதநீர், கருப்பட்டி, தை மாதமானால் பனங்கிழங்கு என்று அந்த ஒரு மரம் கொடுப்பதை எல்லாம் இந்தக் குழந்தை பயமில்லாமல் தின்னலாம். கருப்பட்டியில் சீனியைக் கலக்கிறார்கள் என்பது உண்மை. அது வேறு சண்டை, அதை வேறொரு நாள் போடுவோம். கம்பும் கேழ்வரகும் குதிரைவாலியும் இந்தக் கரிசலுக்கும் செம்மண்ணுக்கும் பழகிய தானியங்கள். எதிலும் குளூட்டன் கிடையாது. பள்ளிக்கூடம் மூடும் நாளில் நுங்குப் பருவம் உச்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை; ஆனாலும் நாட்டுப் படகில் போகிறவர்கள் கரையோர மீனைக் கொண்டு வருகிறார்கள். மூக்கையூரிலோ வாலிநோக்கத்திலோ வாங்கி, உப்பும் மிளகாயும் புளியும் சேர்த்துக் குழம்பு வைத்தால், கோதுமை எட்டிக்கூடப் பார்க்காது. கீழக்கரைக்குப் போனால் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய தொதல் இருக்கிறது. மாரியூர்க் கடற்கரைக் கோயில், ஏர்வாடி தர்கா, உத்தரகோசமங்கை, பாம்பன், ராமேசுவரம், 1964 டிசம்பர்ப் புயல் விழுங்கிய தனுஷ்கோடி என்று ஒரு வாரத்துக்குக் குழந்தைகளுக்குக் காட்டப் போதிய காட்சி இருக்கிறது.

ஆக, மண் தன் கடமையைச் செய்துவிட்டது. கடல் செய்துவிட்டது. பனை செய்துவிட்டது. தவறு எங்கே நேர்கிறது என்றால், சாலையோரத்து அடுப்பங்கரையில்.

முதல் குற்றவாளி கோதுமை மாவு அல்ல. நம் செல்லப் பெருங்காயம். பாலாகக் கசிந்து இறுகிய அசல் பெருங்காயம் ஆப்கானிஸ்தானிலிருந்தும் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் வருகிறது. அதன் காரம் தாங்காது. ஆகவே மாவும் பிசினும் கூட்டித்தான் டப்பாவில் அடைக்கிறார்கள். அரிசி மாவு கூட்டுகிறவர்களும் உண்டு. மைதா கூட்டுகிறவர்கள்தான் அதிகம். டப்பாவின் மேல் பொடி எழுத்தில் அச்சடித்தும் இருக்கிறது. யார் படிக்கிறார்கள்? சாம்பாரில் அது, ரசத்தில் அது, இட்லிப் பொடியில் அது, ஊறுகாயில் அது, வெயிலுக்குக் கொடுக்கும் நீர்மோரில்கூட அது. இட்லி ஒரு பாவமும் அறியாது. ஆனால் தொட்டுக்கொள்ள வைப்பதெல்லாம் சந்தேகம் என்றால், கடைசியில் குழந்தைக்கு இட்லியும் சீனியும்தான் மிச்சம். மூன்று வேளையும் ஒரு வாரமும் இட்லியும் சீனியும் தின்று பாருங்கள், அந்த விடுமுறையின் இனிமை தெரியும்.

இரண்டாவது குற்றவாளி கல். மாலையானால் தென்னாட்டுச் சாலையெங்கும் பரோட்டாக் கல்லின் தாளம் கேட்கிறது. ஆயிரம் வருஷத்துப் பழக்கம் போல அதைக் கொண்டாடுகிறோம். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்து ரங்கூன் அரிசி நின்றது. கோதுமை தின்னுங்கள் என்று ரேஷனில் பழக்கினார்கள். 1956இல் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் ஆகி, கப்பல் கப்பலாகக் கோதுமை வந்து இறங்கியது. நம் ஊரில் கோதுமையின் செல்வாக்கு வளர்ந்ததில் இந்த இரண்டுக்கும் பெரும் பங்கு உண்டு. பரோட்டா மேல் எனக்குப் பகையில்லை. நானும் ருசித்துத் தின்கிறவன்தான். ஆனால் பரோட்டா வெந்த கல்லிலேயே துடைப்பத்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "சுத்தமான அரிசி தோசை" என்று ஊற்றிக் கொடுத்தால் அது பாதி பரோட்டாதான். பூரி பொரித்த எண்ணெயில் பொரிந்த உளுந்து வடையும் அப்படியே. மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு அரைத்த கேழ்வரகும் அப்படியே. போட்ட பொருள் மட்டுமல்ல, பட்ட இடமும் கணக்கில் சேரும். இந்த விஷயத்தைச் சொன்னால், "இதென்ன, தீட்டுப் பார்க்கிறீர்களா?" என்று சிரிக்கிறார்கள். மனிதனைத் தொட்டால் தீட்டு என்று பொய்க் கணக்குப் போட்டுப் பல நூற்றாண்டு வாழ்ந்தவர்கள் நாம். உண்மையாகவே தொட்டால் கெடுகிற ஒரு சமாசாரம் வந்தபோது மட்டும் நமக்குப் பகுத்தறிவு பொங்குகிறது!

சென்ற கோடையில் அந்தக் கடலோரச் சாலையில், பெயர் வேண்டாம், ஓர் ஓட்டலில் என் அக்கா மகள் தன் இரண்டு பிள்ளைகளுடன் உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். மூத்த பையனுக்கு ஆறு வயசு. அவனுக்குத்தான் இந்தத் தொல்லை. கல்லாவில் இருந்தவர் நல்ல மனிதர். குழந்தைகளைப் பார்த்ததும் அவரே எழுந்து வந்தார்.

"அண்ணாச்சி, சாம்பார்ல பெருங்காயம் போட்டிருக்கா?" என்று அவள் கேட்டாள்.

"பெருங்காயம் இல்லாம சாம்பாரா தாயி? நல்ல கம்பெனிப் பெருங்காயம். பயப்படாம ஊத்திக் குடுங்க."

"டப்பாவை ஒரு தடவை பார்க்கலாமா அண்ணாச்சி?"

அவர் முகம் மாறிவிட்டது. "முப்பது வருசமா கடை நடத்துறேன். இதுவரைக்கும் ஒருத்தர் டப்பாவைக் காட்டுன்னு கேட்டதில்ல" என்றார். பிறகு பையனைப் பார்த்து, கனிவோடுதான், "பாவம், சீக்குப் புள்ளையா? அப்புறம் எதுக்குத் தாயி வெயில்ல ஊர் ஊரா இழுத்துக்கிட்டு அலையுறீக?" என்றார்.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. கையில் எடுத்த இட்லியை மறுபடியும் இலையில் வைத்துவிட்டான்.

அந்த மனிதரிடம் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், இது தனி ஒருவர் செய்த குற்றமல்ல. நாம் எல்லாரும் சேர்ந்து வளர்த்த ஒரு குணம். கேள்வி கேட்பதை அவமரியாதை என்று எண்ணுகிற குணம். வீடுகளில் இது இன்னும் மோசம். ஓட்டல்காரராவது காசு வாங்கிக்கொண்டு முறைக்கிறார். உறவினர்கள் அன்பினால் கொல்கிறார்கள். "ஒரு பிஸ்கட்தானே, உன் அம்மா பார்க்க மாட்டாள்" என்று குழந்தையின் வாயில் திணிக்கிற பெரியம்மா இல்லாத குடும்பம் உண்டா? ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குழந்தை அழும்போது அந்தப் பெரியம்மா, "கண் பட்டுவிட்டது" என்று மிளகாய் சுற்றிப் போடுவாள். இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது குழம்பில் போடத்தான் உயர்ந்தது, குடல் வியாதிக்குச் சுற்றிப் போட அல்ல.

"கொஞ்சம் போனால் என்ன?" என்பது அடுத்த ஆட்சேபம். ஓர் அண்டாச் சாம்பாரில் கரைந்த ஒரு சிட்டிகையில் ஒரு கரண்டிக்கு எவ்வளவு வரும் என்று தர்க்கம் பண்ணலாம். மிகக் கொஞ்சம்தான் வரும். ஆனால் கணக்கை முழுவதும் பாருங்கள். நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன், அதாவது ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்கு, மூன்று மாதம் தொடர்ந்து உள்ளே போனால் குடல் சேதமாகிறது என்று 2007இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. 'குளூட்டன் இல்லாதது' என்று ஒரு பொருளுக்குப் பெயர் வைக்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சர்வதேச விதி. நம் நாட்டு விதியும் அதுவே. சாம்பாரில் கொஞ்சம், தோசைக் கல்லில் கொஞ்சம், வடை எண்ணெயில் கொஞ்சம், பெரியம்மா பிஸ்கட்டில் கொஞ்சம். இத்தனை 'கொஞ்சங்களையும்' கூட்டிப் பார்க்கிற பொறுப்பு அந்தத் தாய் ஒருத்தியின் தலையில் விழுகிறது. எதில் எவ்வளவு என்று ஒருவரும் சொல்லாமல் அவள் எப்படிக் கூட்டுவாள்?

மிகக் கொடுமையான ஆட்சேபம் கடைசியானது. அதைத்தான் அந்த ஓட்டல்காரர் கனிவாகச் சொன்னார்: "வீட்டிலேயே இருக்க வேண்டியதுதானே?" படித்தவர்களும் இதையே நாசூக்காகச் சொல்கிறார்கள். இதன் அர்த்தம் என்ன? பாம்பன் பாலத்தில் ரெயில் ஊர்ந்து போகும்போது கீழே கடலைப் பார்த்துக் கூவுகிற சந்தோஷம், கோதுமை தின்னத் தெரிந்த குழந்தைக்கு மட்டும் என்று அர்த்தம். அரிச்சல்முனையில் இரண்டு பக்கமும் அலை வர நடுவில் நின்று பார்க்கும் உரிமை, பரோட்டா செரிக்கிற வயிற்றுக்கு மட்டும் என்று அர்த்தம். அந்தக் குழந்தையோடு தாயும் வீட்டில் கிடக்க வேண்டும். சீக்கு ஏதுமில்லாத தங்கையும் கிடக்க வேண்டும். ஒரு டப்பாவைத் திருப்பிக் காட்ட நமக்குச் சோம்பல்; அதற்கு ஒரு குடும்பம் முழுவதும் சிறை இருக்க வேண்டுமா?

இது பணக்காரர்களின் நாகரிகம் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டணத்துக் கடைகளில், 'குளூட்டன் ஃப்ரீ' என்று பொன்னெழுத்தில் அச்சடித்து, நாலு மடங்கு விலை வைத்து விற்கிறார்கள். வியாதியே இல்லாதவர்கள் மெலிவதற்காக அதை வாங்கிக் கொறிக்கிறார்கள். இந்த நாகரிகக்காரர்கள் செய்த கெடுதல் பெரிது. உண்மையான நோயாளி வாயைத் திறந்தாலும், "இன்னொரு டயட் பைத்தியம்" என்று ஓட்டல்காரர் எண்ணும்படி செய்துவிட்டார்கள். அந்தப் பளபளப்பு டப்பாக்களில் ஒன்றும் சாயல்குடிக்குப் போகிறவர்களுக்குத் தேவையில்லை. அங்கே பனையடியில் உட்கார்ந்து ஒருவர் சீவித் தருகிற நுங்குக்கு எந்த முத்திரையும் வேண்டாம்.

இத்தாலியைப் பாருங்கள். கோதுமையிலேயே பிறந்து கோதுமையிலேயே வளர்கிற தேசம். அங்கே 2005இல் ஒரு சட்டம் போட்டார்கள். பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் சர்க்கார் சாப்பாட்டுக் கூடத்திலும், கேட்கிறவர்களுக்குக் குளூட்டன் இல்லாத சாப்பாடு தந்தாக வேண்டும். கோதுமை நாடு கோதுமை ஆகாதவனுக்கு இலை போடுகிறது. அரிசி நாடு அவனை வீட்டுக்குப் போ என்கிறது! நம் நாட்டிலும் 2020இல் விதி வந்திருக்கிறது: பொட்டலத்தில் அடைத்த பண்டத்தில் குளூட்டன் உள்ள தானியம் இருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும். ஓட்டல்களில் பெரிய நிறுவனங்களுக்கும், பத்து இடத்தில் கிளை வைத்தவர்களுக்கும்தான் அந்தக் கட்டாயம். சாலையோரத்து மெஸ்ஸுக்கு இல்லை. இருக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து சிரிக்கச் சொல்லி யாரும் சிரிப்பதில்லை, உபசாரமும் அப்படித்தான்.

நான் கேட்பது மூன்றே பதில்கள்: என்ன போட்டீர்கள், எந்தக் கல்லில் வெந்தது, எந்த எண்ணெயில் பொரிந்தது. தெரியாவிட்டால், "தெரியாது தாயி" என்று சொல்லுங்கள். அதுவும் கண்ணியமான பதில்தான். 'தெரியாது' என்ற ஒரு சொல்லைக் கேட்டுப் பிழைத்த குழந்தை உண்டு. 'பயப்படாதீர்கள்' என்பதைக் கேட்டுப் படுத்த குழந்தையும் உண்டு. அரிசி மாவு கூட்டிய பெருங்காயம் கடையில் கிடைக்கிறது. மாற்றினால் சாம்பாரின் ருசி ஒரு இம்மி குறையாது. தோசைக்கென்று ஒரு கல்லைத் தனியாக ஒதுக்கினால் முதல் அதிகம் ஆகாது. "எங்கள் கடையில் கோதுமை படாத தோசை கிடைக்கும்" என்று ஒரு பலகை எழுதி மாட்டுகிற முதல் ஓட்டலுக்கு, மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் அந்தக் குடும்பங்கள் தேடி வரும். இது தர்மம் என்று சொன்னால் காதில் ஏறாதவர்களுக்கு, வியாபாரம் என்றாவது சொல்லி வைக்கிறேன்.

அதுவரையில் பிரயாணம் போகிற தாய்மார்கள் காத்திருக்க வேண்டாம். அடுப்பு உள்ள அறையாகப் பார்த்துப் பிடியுங்கள். ஒரு சின்னக் குக்கர், ஒரு தோசைக் கல், அரிசியும் பருப்பும், வீட்டில் இடித்த பொடி. பெருங்காயம் இல்லாமல் நாலு நாள் ரசம் வைத்தால் யாரும் ஜாதிப் பிரஷ்டம் செய்துவிட மாட்டார்கள். பூண்டு தட்டிப் போடுங்கள். மீனைக் கரையில் வாங்குங்கள், பதநீரை மரத்தடியில் வாங்குங்கள். டாக்டரிடம் சோதனை முடியாமல் சந்தேகத்தின் பேரில் மட்டும் கோதுமையை நிறுத்திவிட்டுப் புறப்படாதீர்கள்; நிறுத்திய பிறகு சோதித்தால் வியாதி இருந்தாலும் தெரியாமல் போகும். போகிற இடத்தில் கேள்வியைக் கூசாமல் கேளுங்கள். முகம் சுருங்கினால் சுருங்கட்டும். முகம் நாளைக்கு நேராகிவிடும். குடல் நேராக மாதக்கணக்கில் ஆகும்.

பசித்து வந்தவனுக்குச் சோறு போடுவது பெரிய காரியம்தான். அந்தச் சோற்றில் என்ன இருக்கிறது என்று பசித்தவன் கேட்டால் பதில் சொல்வது அதைவிடப் பெரிய காரியம். முதலாவதற்குக் கையில் அரிசி இருந்தால் போதும். இரண்டாவதற்கு, கேட்கிறவனையும் நமக்குச் சமமான மனிதன் என்று நினைக்கிற நெஞ்சு வேண்டும். அவன் ஆறு வயசுப் பையனாக இருந்தாலும்.